வெளுத்த உதடும் முதல் ட்ரம்பெட்டும்

பிப்ரவரி 9

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறு எதற்கும் பேனா எடுத்ததில்லை.

"எங்க வருது, எப்ப வருது, அந்த இடத்துல என்ன உரசுதுன்னு தேதி போட்டு எழுதிட்டு வாங்க ஜெமைல்" என்றார் டாக்டர் ஸ்வெத்லானா.

இன்றைய நிலவரம்: மேலுதட்டின் நடுவில் ஒரு வெள்ளை. கீழுதட்டின் நடுவில் ஒரு வெள்ளை. வாயை மூடினால் இரண்டும் சேர்ந்து முழு வட்டம். ட்ரம்பெட் மவுத்பீஸை வைத்து வரைந்தாற்போல அளவு சரியாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அதை அந்த இடத்தில்தான் அழுத்தி ஊதுகிறேன். இது தவிர இடது மணிக்கட்டில் வாட்ச் வார் கட்டும் இடம், இடுப்பில் பெல்ட் கொக்கி படும் இடம்.

இருட்டு அறையில் உட்காரவைத்து ஊதா விளக்கு அடித்துப் பார்த்தார். வெளுத்த இடமெல்லாம் சலவைச் சட்டை மாதிரி மின்னியது. வெண்புள்ளி என்றார். தோலுக்கு நிறம் தரும் செல்களை, உடம்பைக் காக்க வேண்டிய படையே எதிரி என்று நினைத்து அடிக்கிறதாம்.

"தொத்துமா?"

"தொத்தாது. முத்தம் குடுத்தாலும் தொத்தாது, ஒரே கிளாஸ்ல குடிச்சாலும் தொத்தாது. குஷ்டமும் கிடையாது. யாராவது சொன்னா என்கிட்ட அனுப்புங்க."

"போயிடுமா?"

"முகத்துல வந்தா பெரும்பாலும் மருந்துக்குக் கேக்கும். உதடு கஷ்டம். முடி முளைக்கிற வேர்லேர்ந்துதான் நிறம் திரும்ப ஊறி வரும். உதட்டுல முடி ஏது?"

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்தேன். சொந்தப் படை சொந்த ஆட்களையே அடிக்கிறது. இந்த நாட்டில் இது ஒன்றும் புதிதில்லை.

பிப்ரவரி 11

என் மனைவி நஸ்மியாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். செருப்புத் தொழிற்சாலையிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, உதட்டில் அழுத்தி ஒரு முத்தம். ஜன்னல் கண்ணாடியில் தன் உதட்டைப் பார்த்தாள்.

"ஒட்டலையே. போய் விறகைப் பொள."

பிப்ரவரி 16

ராயிஃப் சித்தப்பா வீட்டு முற்றத்தில் ஒத்திகை. பேண்டில் மொத்தம் பத்து பேர். தன் முன்பல் விழுந்ததும் சித்தப்பா முதல் ட்ரம்பெட்டை, முன்னால் நின்று ஊதும் இடத்தை, என் கையில் கொடுத்தார். ஒன்பது வருடம் ஆகிறது. அவர் மகன் எல்மாஸ் இரண்டாவது ட்ரம்பெட். இருபத்துநாலு வயது, சீப்பை வைத்த பையிலிருந்து கை வெளியே வராது.

"அண்ணே, கொஞ்சம் கொஞ்சமா வெள்ளைக்காரன் ஆயிட்டு வர்றே. எங்களையெல்லாம் மறந்துடாதே" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் மகாலாவில், இந்த ஜிப்சிக் குடியிருப்பில், நிலக்கரி நிறத்தில் முதலிடம் எங்கள் குடும்பத்துக்குத்தான். என் தாத்தாவைப் புகைப்படம் எடுத்தால் தொப்பி மட்டும்தான் விழும் என்பார்கள்.

இடைவேளையில் ராக்கியா, பழச் சாராயம், ஒரே பாட்டிலில் சுற்றி வந்தது. நான் ஒரு மடக்குக் குடித்து எல்மாஸிடம் நீட்டினேன். அவன் பாட்டில் வாயைச் சட்டைக் கையால் துடைத்தான்.

பிப்ரவரி 17

துடைத்தான். திருப்பித் திருப்பித் துடைத்தான். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவன் துடைத்துப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 27

ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் கடைசிக் கல்யாணம். கிளம்பும்போது சித்தப்பா என்னைத் தனியாக அழைத்துக் கையில் ஒரு லிப்ஸ்டிக்கை வைத்தார். பழுப்பு நிறம். சித்தியுடையது.

"லேசாப் பூசிக்கடா. யாருக்குத் தெரியப்போகுது?"

பூசிக்கொண்டேன். அந்த வெட்கத்தை எழுதாமல் விட முடியவில்லை. அரை மணி நேரம் தாங்கியது. பிறகு உருகி மவுத்பீஸில், தாடையில், விரலில், சட்டைக் காலரில். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். பெண்ணின் அப்பா திராகொல்யூப் — பெரிய மர வியாபாரி, குடித்திருந்தார் — பாட்டை நிறுத்தச் சொன்னார்.

"என்னப்பா, கல்யாணப் பொண்ணு ஒருத்தி போதாதுன்னு நீயும் சிங்காரிச்சுக்கிட்டு வந்துட்டியா?"

மேஜை விரிப்பின் ஓரத்தை இழுத்து வாயை நன்றாகத் துடைத்தேன். வட்டம் வெளியே வந்தது.

"என்ன நோய் இது?"

"நோய் என்னோடது. பாட்டு உங்களுது. பாட்டுல ஏதாவது குறை இருக்கா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "விட்டா ரெண்டு வருஷத்துல எங்க ஆளா ஆயிடுவே போலிருக்கே."

"ஆயிட்டா உங்க பேரன் கல்யாணத்துக்கு யாரு ஊதுவா?"

சிரித்துவிட்டார். என் நெற்றியில் சன்மானமாக ஒரு பண நோட்டை ஒட்டிவிட்டு ஆடப் போனார். ஆனால் வேனில் திரும்பும்போது சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 28

பேசினார். ஈஸ்டருக்குப் பிறகு வரும் மூன்று கல்யாணங்களில் இரண்டு வீட்டுக்காரர்கள் போன் செய்துவிட்டார்களாம். அந்த உதட்டுக்காரன் இல்லாமல் வந்தால் வாருங்கள் என்று.

"எனக்கு உம்மேல கோவம் இல்லடா. பத்து குடும்பம் இருக்கு."

பத்து குடும்பம் இருப்பது நிஜம். என் இடம் போகப் போகிறது என்று இன்றைக்குத்தான் நேராகப் புரிந்தது.

மார்ச் 3

பெரியம்மா ஈயம் ஊற்றி வைத்தியம் பார்க்கிறவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பயத்தால் வந்த வியாதியாம். தலைமேல் துணியைப் போர்த்தி, மேலே தண்ணீர்ச் சட்டியைப் பிடித்து, உருக்கிய ஈயத்தை ஊற்றினார்கள். சுரீரென்றது. உறைந்த கட்டியை வைத்தியக்காரி எடுத்துப் பார்த்து, "நாயைப் பாத்துப் பயந்திருக்கான்" என்றாள்.

நஸ்மியா வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குக் கோழி மாதிரி தெரியுது."

"நாய்தான்மா. இது வாலு."

"கோழிக்கும் வாலு உண்டு."

பெரியம்மா கோபித்துக்கொண்டு போனாள். எனக்கு அவள்மேல் வருத்தமில்லை. வெள்ளை என்னை விட்டுப் போக வேண்டும் என்று நினைக்கிற ஆள் அவள். மற்றவர்கள் நான் போனால் போதும் என்று நினைக்கிறார்கள்.

மார்ச் 8

வியன்னாவிலிருந்து மச்சான் போன். யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மிச்சத்தையும் வெளுக்க வைக்கிற மருந்து இருக்காம்யா. ஒரேயடியா வெள்ளையாயிடு. இங்க வந்தா ஒரு போலீஸ்காரன் உன்னை நிறுத்த மாட்டான். அதிர்ஷ்டம்யா உனக்கு."

அப்படி ஒரு மருந்து உண்டு என்று டாக்டரும் சொன்னார். உடம்பு முக்கால்வாசி வெளுத்தவர்கள் சிலர் போட்டுக்கொள்வார்களாம். அது அவர்கள் இஷ்டம். ஆனால் கறுப்பாக இருப்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன், கடைகளில் பின்னாலேயே ஆள் வர நடந்தேன், அடியும் வாங்கினேன். இவ்வளவு விலை கொடுத்து வைத்திருப்பதை நானாகப் போய்க் கொடுப்பேனா? உடம்பு பிடுங்கிக்கொண்டால் பிடுங்கிக்கொள்ளட்டும். நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்.

மார்ச் 12

டாக்டரிடம் நேராகவே கேட்டேன். ட்ரம்பெட்தான் காரணமா?

"காரணம் உள்ள இருக்கு. ஆனா சிலருக்கு உரசுற இடத்துல, அழுந்துற இடத்துல புதுசா வரும். ஊதறதைக் கொஞ்ச நாள் நிறுத்தினா பரவாம இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன், கேட்டுக்குங்க."

நாளை மறுநாள் நோன்பு தொடங்குகிறது. கல்யாணம் கிடையாது. நாற்பது நாள் நிறுத்திப் பார்க்கிறேன். சித்தப்பாவிடம் சொன்னதும் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மார்ச் 14

துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தாயிற்று.

மார்ச் 19

"சூப்பு ஆறுது. மேஜையை ஊதினது போதும்" என்றாள் நஸ்மியா. குனிந்து பார்த்தால் வலது கையின் மூன்று விரலும் மேஜையைத் தாளத்தோடு அழுத்திக்கொண்டிருக்கின்றன.

ஏப்ரல் 2

குதிரை வியாபாரி ஷெவ்கோ செத்துப்போனார். எண்பத்தொன்று. சவ ஊர்வலத்தில் எல்மாஸ் முன்னால் நின்று ஊதினான். நான் கையைப் பையில் விட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தேன். ஒன்பது வருடத்தில் பேண்டின் முதுகைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நன்றாகத்தான் ஊதினான். எழுத மனம் வரவில்லை, எழுதிவிட்டேன்.

ஏப்ரல் 11

புதிது: வலது கண்ணின் வெளி ஓரம், பட்டாணி அளவு. வலது முழங்கையில் ஒன்று. நெஞ்சில், எதுவுமே உரசாத இடத்தில் ஒன்று.

ட்ரம்பெட்டைத் தொட்டு இருபத்தெட்டு நாள் ஆகிறது.

ஏப்ரல் 12

சரி. அப்போ இது பேரம் பேசுற ஆளில்ல. நான்தான் முட்டாள் மாதிரி போய்ப் பேரம் பேசியிருக்கேன். இந்தா என் ட்ரம்பெட்டை வெச்சுக்க, என் உதட்டை விட்டுடுன்னு. வாங்கி வெச்சுக்கிட்டு கண்ணையும் கேக்குது. நாளைக்கு எதைக் கேக்கும்? கல்யாண மோதிரத்தைக் கழட்டணுமா? பெல்ட்டு போடாம, செருப்பு போடாம, பஞ்சு மெத்தையில படுத்துக் கெடக்கணுமா சாகற வரைக்கும்?

வரட்டும். எங்க வேணா வரட்டும். நான் ஊதிக்கிட்டே இருக்கேன், அது பாட்டுக்கு வந்துக்கிட்டே இருக்கட்டும்.

ஏப்ரல் 13

ட்ரம்பெட்டை இறக்கினேன். உதடு பஞ்சாகிவிட்டது. பத்து நிமிடத்தில் காற்று ஓரத்தில் ஒழுகுகிறது. நீண்ட சுரம் மட்டும், காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. பக்கத்து வீட்டு நாய் கூடவே ஊளையிடுகிறது. அதற்குச் சுருதி சுத்தம்.

ஏப்ரல் 14

டாக்டரிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். தைராய்டு சோதனை சரியாக இருக்கிறது. முதலில் எழுதிக் கொடுத்த களிம்பை நிறுத்த வேண்டாம், வாரத்தில் மூன்று நாள் விளக்குச் சிகிச்சைக்கு வந்தால் கண்ணோரம் திரும்பலாம், வெளுத்த இடத்தில் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஊதுகிறேன் என்று சொன்னேன்.

"ஊதுங்க. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. நீங்க பண்ண தப்பால இது வரல."

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். முப்பத்தாறு வயது ஆள், மீசை வைத்தவன். அந்த ஒரு வார்த்தையை யாரும் அதுவரை என்னிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 29

மே ஆறு எர்தெலெசி, வசந்தப் பண்டிகை. வருடத்தில் எங்களுக்கு அதைவிடப் பெரிய நாள் இல்லை. விடிவதற்கு முன்னால் பேண்டு மகாலாவின் நாற்பத்து மூன்று வீட்டுக்கும் போகும். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு பாட்டு உண்டு. அந்த வீட்டு அப்பனோ தாத்தனோ ஆடிய பாட்டு. முதல் ட்ரம்பெட்காரனுக்குத்தான் எல்லாம் மனப்பாடம். ஊதி முடித்ததும் வீட்டுக்காரர் ஒரு கிளாஸில் ராக்கியா ஊற்றித் தருவார். முதல் ட்ரம்பெட் குடிக்கும். அதே கிளாஸில் வீட்டுக்காரர் குடிப்பார். அதுதான் வாழ்த்து, வேறு வார்த்தை கிடையாது.

சித்தப்பா முடிவு சொன்னார். எல்மாஸ்தான் முன்னால் நிற்பான்.

"நீ பின் வரிசையில நில்லு. இல்ல முன்னாலதான் நிப்பேன்னா ஒரு பிளாஸ்டிக் கப்பு கொண்டா. உனக்குத் தனியா ஊத்தச் சொல்றேன்."

"ஒரே கிளாஸ் சித்தப்பா. இல்லேன்னா நான் இல்ல."

"நல்ல நாளும் அதுவுமா அடம் புடிக்காதடா."

"அடம் புடிக்கல. சொல்லிட்டுப் போறேன்."

மே 5

"நீ போகலேன்னா நாளைக்கு என் வாசல்ல யாரு ஊதுவா? எல்மாஸா?" என்றாள் நஸ்மியா. "அவனுக்கு நான் கதவைத் திறக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

மே 6

உட்கார்ந்து எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது. ஆட்டுக்குட்டி அடுப்பில், நஸ்மியா தூங்குகிறாள்.

பேண்டு எப்போதும் மேட்டுப் பக்கத்திலிருந்து இறங்கும். நான் நாலு மணிக்கே தனியாக ஆற்றங்கரைப் பக்கத்திலிருந்து ஏற ஆரம்பித்தேன். மேளம் இல்லை, அடிச்சுரம் ஊதும் தூபா இல்லை, ஒற்றை ட்ரம்பெட். முதல் வீடு எங்களுடையது. நஸ்மியா கிளாஸைக் காலி செய்துவிட்டு, "போ, இன்னும் நாப்பத்திரண்டு" என்றாள்.

அடுத்த வீட்டில் ரமீசா அக்கா ஒரே மடக்காகக் குடித்தாள். "என் புருஷன் வாய் வெச்ச கிளாஸ்ல இருபது வருஷமா குடிக்கிறேன். அதைவிடவா?" நாலாவது வீட்டில், நான் குடித்ததும் வீட்டுக்காரர் கிளாஸை உள்ளே கொண்டுபோய் வேறொன்று எடுத்து வந்தார். அவர் கேட்காமலேயே பாட்டின் இரண்டாவது பாதியையும் ஊதியிருந்தேன்; தெரிந்திருந்தால் முதல் பாதியோடு நிறுத்தியிருப்பேன். இரண்டு வீடு கதவே திறக்கவில்லை. முழுப் பாட்டையும் மூடிய கதவுக்கு ஊதிவிட்டுத்தான் நகர்ந்தேன். கேட்டிருக்கும்.

பதினைந்தாவது வீட்டில் இருந்தபோது மேலிருந்து பேண்டு கேட்டது. குதிரை நடைப் பாட்டு. ஷெவ்கோவின் பாட்டு.

சாவு விழுந்த வீட்டு வாசலில் ஒரு வருடம் செத்தவரின் பாட்டை ஊதக் கூடாது. குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்து நிற்க வேண்டும். பிறகு அந்த வீட்டில் உயிரோடு இருக்கிறவரின் பாட்டு. எல்மாஸ் வீட்டையும் பாட்டையும் மனப்பாடம் செய்திருக்கிறான், சாவைச் சேர்க்க மறந்துவிட்டான். பாட்டு நடுவில் அறுந்தது.

ஓடினேன். ஷெவ்கோவின் மனைவி ஸெய்னா கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். உள்ளே அழுகிற சத்தம். எர்தெலெசி அன்று சாத்திய கதவுக்கு முன்னால் ஒன்பது ஆண்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நிற்கிறார்கள். எல்மாஸின் முகம் சுண்ணாம்பாகியிருந்தது. சித்தப்பா தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"ஏதாவது பண்ணுடா" என்றார்.

"பிளாஸ்டிக் கப்பு கொண்டாரலையே சித்தப்பா."

சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னது இனித்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

முன்னால் போய்க் குழலைத் தரைக்குக் காட்டி நின்றேன். மற்றவர்களும் காட்டினார்கள். பிறகு ஸெய்னாவின் பிறந்த வீட்டுப் பாட்டு; அவள் கல்யாணத்தன்று அவள் அப்பா கேட்டு ஊதச் சொன்னது. குழல் வாயைக் கையால் பாதி பொத்திக்கொண்டு, மெதுவாக. மூன்று முறை ஊதினேன். மூன்றாவதில் உதடு வெடித்து ரத்தம் உப்பாக நாக்கில் பட்டது. கதவு திறந்தது.

கையில் கிளாஸோடு வந்தாள். ஊற்றினாள். குடித்தேன். துடைக்காமல் நீட்டினேன்.

ஸெய்னா என் வாயையே பார்த்தாள்.

"செத்த மனுஷன் உதட்டுல கடைசி முத்தம் குடுத்தவ நான். உன் உதட்டுக்கா பயப்படுவேன்?"

அடி வரைக்கும் குடித்தாள். மறுபடி நிரப்பி, "ராயிஃப், நீ வா. எல்லாரும் வரிசையா வாங்க. என் வாசல்ல தப்பு பண்ணிட்டு நிக்கிறீங்க" என்றாள்.

சித்தப்பா குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிப்பதைப் போல. ஆனாலும் குடித்தார். தூபா குடித்தது, மேளம் குடித்தது. எல்மாஸ் மட்டும் வயிறு சரியில்லை என்றான்.

"அப்ப கஞ்சி வெச்சுத் தரேன், நாளைக்கு வா" என்றாள் ஸெய்னா.

மீதி வீடுகளுக்கு நான் முன்னால் நடந்தேன். யாரும் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. முதலில் கதவு திறக்காத இரண்டு வீட்டிலும் இப்போது திறந்தார்கள். ஒருவர் குடித்தார். ஒருவர் குடிப்பது போலப் பாவனை செய்தார். எனக்குக் கண் தெரியும்.

மே 7

உதடு வீங்கிவிட்டது. ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிடுகிறேன். ஆனந்தமாக இருக்கிறது.

மே 22

வேண்டாம் என்று போன் செய்த இரண்டு வீட்டில் ஒன்று மனம் மாறவில்லை. சித்தப்பா அந்தக் கல்யாணத்தை விட்டுவிட்டார். நான் கேட்கவில்லை. "வேன் ரிப்பேர்" என்று தன் வீட்டில் சொல்லியிருக்கிறார். வேன் முற்றத்தில் பளபளவென்று நிற்கிறது.

ஜூன் 3

கண்ணோர வெள்ளையில் மிளகுத்தூள் போலப் பழுப்புப் புள்ளிகள் வந்திருக்கின்றன. டாக்டர் சந்தோஷப்பட்டார். வாட்ச் இருந்த இடம் அப்படியே. நெஞ்சில் இருப்பது இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. உதட்டில் எதுவும் நகரவில்லை, நகரும் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

"தினம் எவ்வளவு நேரம் ஊதறீங்க?"

நாலு மணி நேரம் என்றேன். உண்மை ஐந்து.

ஜூன் 19

கோடைக்கால விளம்பரத்துக்குப் போட்டோ. டவுனிலிருந்து ஒரு பையன் கம்ப்யூட்டரோடு வந்திருந்தான். எல்லாரையும் நிற்கவைத்து எடுத்தான். படத்தைத் திரையில் பெரிதாக்கி என் முகத்துக்குப் போய் நின்றான்.

"இந்த உதட்டை ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடலாம். கூடுதல் காசு வேண்டாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா பின்னாலிருந்து குனிந்தார்.

"தம்பி, எல்மாஸ் காதைச் சின்னதாக்கு, என் தொப்பையை எடு, உன் இஷ்டம். அந்த உதட்டுல கை வெச்சே, கம்ப்யூட்டரோட உன்னைத் தூக்கி ஆத்துல போடுவேன்."

ஜூன் 24

சுவரொட்டி அச்சாகி வந்துவிட்டது. முந்நூறு. நான் முன்னால் நிற்கிறேன், வட்டம் பளிச்சென்று தெரிகிறது. கீழே சித்தப்பாவின் போன் நம்பரில் கடைசி எண் தப்பு. மதியம் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து பேனாவால் திருத்தினோம்: நான், நஸ்மியா, சித்தப்பா, எல்மாஸ். வெயிலாக இருந்தது. ஒரே ஒரு தண்ணீர்ப் பாட்டில். எனக்கு அடுத்து எல்மாஸ் கை நீட்டினான். துடைக்காமல் வாய் வைத்துக் குடித்தான். பிறகு பேனாவை எடுத்து ஒன்றை ஏழாக மாற்றிக்கொண்டே இருந்தான்.

நாளைக்கு ஒட்ட வேண்டும். ஆறு மணிக்கு வேன்.